ப்ரீமெட் முதலாண்டு வேதியியல்: யூசிஎல்ஏவில் 14 வரிசையா, 20 வரிசையா?

பொன்னி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் வரும் இலையுதிர்காலத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் முதலாண்டு சேர்கிறாள். மருத்துவராக வேண்டும் என்பது அவள் விருப்பம். நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு எம்பிபிஎஸ் சேர்வதைத்தான் எங்கள் வீடுகளில் பார்த்திருக்கிறோம். இங்கே நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடிக்க வேண்டும், அதற்கிடையே மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களையும் எடுத்து எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், மருத்துவத்துக்கு முந்தைய தயாரிப்பான ப்ரீமெட் என்ற பெயரில் தனிப் பட்டப்படிப்பே பெரும்பாலும் கிடையாது என்பதெல்லாம் அவள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

இப்போது பாடப் பதிவில் வந்து நிற்கிறோம். உயிரியல் சார்ந்த துறைகளின் மாணவர்களுக்கென 14ஏ, 14பி என்று ஒரு வேதியியல் வரிசை இருக்கிறது. வேதியியல், உயிர்வேதியியல், பொறியியல் மாணவர்களுக்கென 20ஏ, 20பி என்று இன்னொரு வரிசை இருக்கிறது. உடலியங்கியலை எடுப்பதா, உயிர்வேதியியலை எடுப்பதா என்று மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளியில், கல்லூரி அளவிலான ஏபி வேதியியல் தேர்வில் 5-க்கு 4 வாங்கியிருக்கிறாள். 20 வரிசைதான் கடினமானது, அதை எடுத்தால்தான் மருத்துவக் கல்லூரிகள் மதிக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். ஜிபிஏ என்ற கிரேடு சராசரி போய்விட்டால் எல்லாம் போயிற்று, எது எளிதோ அதையே எடுக்கட்டும் என்கிறார் மற்றொருவர். கோடையிலேயே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில்) வேதியியலை முடித்துவிட்டால் தலைவலியே இல்லை என்று மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்திருக்கிறது. இந்தப் பாதையில் போனவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆய்வகத்தான்

வணக்கம் அக்கா. நான் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே, வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொது வேதியியலுக்கு டிஏவாக (கற்பித்தல் உதவியாளராக) பணியாற்றுகிறேன். யூசிஎல்ஏவில் படித்தவன் அல்லன்; ஆனால் இந்த இரட்டை வரிசை முறை பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உள்ளதுதான். பெர்க்லியில் 1ஏ, 4ஏ என்று அதே பிரிவு உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு குவார்ட்டர்களின் (பத்து வாரப் பருவங்களின்) பாடப்பொருளைப் பார்த்தால் 14-க்கும் 20-க்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை. 14ஏ, 20ஏ இரண்டிலும் அணு அமைப்பும் வேதிப் பிணைப்பும் நடத்தப்படுகின்றன. 14பி, 20பி இரண்டிலும் வெப்ப இயக்கவியல், வேதிச் சமநிலை, வினைவேகவியல் போன்றவை வருகின்றன. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது கணிதம்: 20 வரிசையோடு 31ஏ என்ற நுண்கணிதப் பாடம் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது. 20-இல் பொறியியல் மாணவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்குக் கணக்குப் போடுவது மூச்சுவிடுவதைப் போல. மூன்றாவதும் முக்கியமானதும், அடுத்து வரும் கரிம வேதியியல். 14 வரிசையில் போகிறவர் 14சி-யில் கரிம மூலக்கூறுகளின் அமைப்பையும் நிறமாலையியலையும், 14டி-யில் கரிம வினைகளையும் படிக்கிறார். 20 வரிசையில் போகிறவர் 30ஏ, 30பி, 30சி என்று மூன்று குவார்ட்டர் கரிம வேதியியல் படிக்கிறார். ஆகவே, முதல் குவார்ட்டரில் எது எளிது என்று கேட்பதை விட, இரண்டாம் ஆண்டில் மகள் எந்தக் கரிம வேதியியல் வகுப்பில் உட்கார வேண்டும் என்று கேட்பதே சரி.

உயிர்வேதியியலைத் தன் துறையாக எடுப்பதென்றால் 20, 30 வரிசைகளே அத்துறைக்கு உரியவை. அங்கே தேர்வுக்கே இடமில்லை. உடலியங்கியல் என்றால் 14 வரிசை போதும், அது அதற்காகவே வகுக்கப்பட்டது. துறையை முடிவு செய்யாமல் வேதியியலை மட்டும் முடிவு செய்ய முயல்வதால்தான் இவ்வளவு குழப்பம் என்று எனக்குப் படுகிறது.

வைகைக்கரை

நான் உள்மருத்துவத்தில் ரெசிடென்ட், அதாவது பயிற்சி மருத்துவர். மருத்துவக் கல்லூரிகள் மதிக்கும் என்ற உறவினரின் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரிகள் வழக்கமாகக் கேட்பவை: ஆய்வகத்தோடு கூடிய ஓராண்டுப் பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், ஓராண்டு உயிரியல், ஓராண்டு இயற்பியல், ஏதேனும் கணிதம் அல்லது புள்ளியியல், எழுத்துப் பயிற்சி. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1910-இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைதான் மருத்துவம் படிக்க வருகிறவருக்குக் கல்லூரி அளவிலான வேதியியல், இயற்பியல், உயிரியல் அடித்தளம் வேண்டும் என்பதை இந்நாட்டில் அழுத்தமாக நிலைநாட்டியது. 2009-இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பாடங்களின் பெயரைப் பார்க்காமல் மாணவர் அடைந்த திறனைப் பாருங்கள் என்றது. அதன்பின் சில கல்லூரிகள் கரிம வேதியியலின் இரண்டாம் பாதிக்குப் பதிலாக உயிர்வேதியியலை ஏற்கத் தொடங்கின. இவற்றில் எங்கும் 14-ஐ விட 20 உயர்ந்தது என்ற கணக்கு கிடையாது. விண்ணப்பத்தைப் புரட்டும் குழுவினருக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பாட எண்ணும் மனப்பாடமாக இருக்காது. அவர்கள் கண்ணில் படுவது வேதியியல் என்ற சொல்லும் அதன் எதிரே உள்ள கிரேடும்தான்.

அந்த கிரேடைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது ஒன்று. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஆம்காஸில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கின் மதிப்பெண்களையும் தனியாகப் பிரித்து ஓர் அறிவியல் ஜிபிஏ கணக்கிடுவார்கள். ஒரு பாடத்தில் சி வாங்கி, அதையே மீண்டும் எடுத்து ஏ வாங்கினால், கல்லூரி தன் பதிவில் பழையதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாலும் ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். 2023-இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77, அறிவியல் ஜிபிஏ 3.71. முதல் குவார்ட்டரில் வாங்கும் சி நான்கு ஆண்டுகளுக்கும் கூடவே வரும் என்பதால், எளிதானதை எடுக்கச் சொல்லும் உறவினரை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எளிது என்பதற்காக எடுப்பதும், தனக்கென வகுக்கப்பட்டதை எடுத்து அதில் நன்றாகச் செய்வதும் ஒன்றல்ல.

இன்னொன்று. இந்தப் பாடங்களைப் பாஸ், நோ பாஸ் முறையில் எடுக்கவே வேண்டாம். எழுத்து கிரேடு வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன.

அட்லாண்டிக் அப்பா

நண்பர்கள் இருவரும் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏபி பற்றி யாரும் பேசவில்லையே. என் மகன் ஏபி வேதியியலில் 5 வாங்கி, ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே எந்த வகுப்பில் சேரலாம் என்று முடிவு செய்யும் இடமறி தேர்வில் நன்றாகச் செய்தவர்களை முதல் செமஸ்டரிலேயே 210 என்ற கரிம வேதியியல் பாடத்தில் சேர அனுமதிக்கிறார்கள்; பொது வேதியியலான 130 அனைவருக்கும் கட்டாயமில்லை. அவன் நேரடியாக 210-க்குப் போனான். பள்ளியில் ஓராண்டு முழுக்கப் படித்து, மே மாதம் தேர்வும் எழுதி, அதே மோல் கணக்கை மறுபடியும் செப்டம்பரில் உட்கார்ந்து போடுவதில் என்ன பயன்? சோம்பல்தான் வளரும். பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பளித்து அடுத்த படிக்கு அனுப்புங்கள் என்பது என் கருத்து.

ஆய்வகத்தான்

ஐயா, உங்கள் மகனுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் அவருடைய 5 மட்டுமல்ல. மிச்சிகன் தன் பாடத்திட்டத்தையே அப்படிக் கட்டியிருப்பதும்தான். அங்கே 210 வகுப்பில் முதலாண்டு மாணவர்கள் ஏராளம். அவர்களை மனத்தில் வைத்தே அது நடத்தப்படுகிறது. பொது வேதியியலில் விடுபட்ட வெப்ப இயக்கவியல், சமநிலை ஆகியவற்றைப் பின்னர் 230 போன்ற பாடத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ட்யூக் பல்கலைக்கழகத்திலும் இதே போக்கு உண்டு: 101-இல் அடிப்படைகளை ஒரு செமஸ்டரில் முடித்து, 201, 202 என்று கரிம வேதியியலுக்குப் போய், அதன்பின் 210-இல் மீண்டும் பொது வேதியியலின் எஞ்சிய பகுதிக்கு வருகிறார்கள். யூசிஎல்ஏவின் 14 வரிசை அப்படி அமைந்ததன்று. அது ஏ, பி, சி, டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஓர் ஊரின் பேருந்து வழித்தடத்தை வைத்துக்கொண்டு இன்னோர் ஊரில் இறங்குமிடம் தேடக் கூடாது.

ஏபியில் 4 வாங்கியவர் எங்கே தடுமாறுகிறார் என்பதற்கு நான் விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு அயனிச் சமநிலைப் பாடத்தில் இது பழக்கமான கணக்கு. 0.10 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மில்லிலிட்டர், அதை 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கிறோம். 25 மில்லிலிட்டர் காரம் சேர்ந்ததும் பிஎச் என்ன? அமிலமும் அசிட்டேட்டும் சரிபாதியாக இருக்கும் என்பதால் பிஎச், அமிலத்தின் வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்புக்குச் சமம், ஏறத்தாழ 4.74. இதை எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். அடுத்த வினா: 50 மில்லிலிட்டர் காரம் சேர்ந்ததும் பிஎச் என்ன? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். தாங்கல் கரைசலின் (பஃபரின்) பிஎச்சைக் கணக்கிடும் ஹென்டர்சன்-ஹேசல்பாக் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் அதையே மீண்டும் எழுதி, பகுதியில் சுழியம் வந்து நிற்க, திகைத்துப்போவார். சிலர் நடுநிலையாக்கல் முடிந்துவிட்டது, ஆகவே 7 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். குடுவையில் இப்போது அமிலம் இல்லை, மொத்தம் 100 மில்லிலிட்டரில் 0.050 மோலார் அசிட்டேட் மட்டுமே இருக்கிறது, அது நீரிலிருந்து புரோட்டானைப் பிடுங்கி ஹைட்ராக்சைடை உண்டாக்கும் என்று படம்போல் பார்க்கத் தெரிந்தவர்தான் 8.72 என்ற விடைக்கு வருவார்.

முதலாவது மாணவர் அடுத்த பாடத்துக்குத் தாவினால் என்ன ஆகும் என்றால், கரிம வேதியியலில் எந்த அமிலம் வலிமையானது, எந்தக் காரம் எந்தப் புரோட்டானைப் பிடுங்கும் என்பதே அன்றாடப் பேச்சாக இருக்கும். அங்கே அவருக்குச் சமன்பாட்டுத் தாள் உதவாது. 4 என்ற மதிப்பெண் இந்த இருவரில் உங்கள் மகள் யார் என்பதைச் சொல்லாது. ஏபி தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் பழைய ஏபி விரிவான விடை வினாக்களை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் சமநிலை பற்றிய இரண்டு மூன்று வினாக்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

அட்லாண்டிக் அப்பா

படம்போல் பார்க்கத் தெரியாத மாணவர் ஏபியில் 5 வாங்க முடியாது என்பது என் அனுபவம். 4-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளியை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே தெரிந்த பாடத்தில் உட்கார வைத்தால் ஏ உறுதி என்று நினைப்பது தவறு. தெரியும் என்ற எண்ணத்தில் முதல் மிட்டெர்ம் (பருவ இடைத் தேர்வு) வரை புத்தகத்தையே தொடாத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆய்வகத்தான்

அதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பத்து வாரக் குவார்ட்டரில் அது இன்னும் ஆபத்து. முதல் மிட்டெர்ம் வருவதற்குள் பாதிப் பாடம் ஓடியிருக்கும்.

வைகைக்கரை

ஏபி பற்றி மருத்துவக் கல்லூரிகளின் பக்கத்தில் இருந்து ஒரு குறிப்பு. ஏபி மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி சில அலகுகளை (கிரெடிட்) தருவது வேறு. ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாக அதைப் பதிவேட்டில் எழுதுவது வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் ஏபி வேதியியலில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 8 குவார்ட்டர் அலகுகள் தருகின்றன. பட்டம் பெறத் தேவையான மொத்த அலகுகளில் அது சேரும். மருத்துவக் கல்லூரி கேட்கும் ஓராண்டு வேதியியல் அதனால் நிறைவேறிவிட்டது என்று பொருளல்ல. சில மருத்துவக் கல்லூரிகள் ஏபியை அப்படியே ஏற்கின்றன. சில, ஏபிக்கு ஈடாக அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. சில ஏற்பதே இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் எம்எஸ்ஏஆர் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் விதியும் இருக்கிறது. பதினெட்டு வயதில் எந்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது என்பதால், ஏபியைக் காட்டிப் பொது வேதியியலைத் தவிர்ப்பவர் தம் பட்டியலைத் தாமே சுருக்கிக்கொள்கிறார்.

ஆய்வகத்தான் சொன்ன தாங்கல் கரைசல் கணக்குக்கு ஒரு தொடர்ச்சி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எம்கேட்டில் வேதியியலும் இயற்பியலும் கலந்த பிரிவில் 95 நிமிடத்தில் 59 வினாக்கள். அவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொது வேதியியல், 15 விழுக்காடு கரிம வேதியியல், 25 விழுக்காடு உயிர்வேதியியல். கணிப்பான் கிடையாது. இப்போது இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட் 24, கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு 1.2, அதன் பகுதி அழுத்தம் 40-ஐ 0.03-ஆல் பெருக்கினால் அந்த 1.2 வரும். விகிதம் 20. அதன் மடக்கை 1.3. பிகேஏ 6.1-ஐக் கூட்டினால் இரத்தத்தின் பிஎச் 7.4. நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியின் தமனி இரத்த அறிக்கையைப் பார்க்கும்போது நான் போடும் கணக்கு இதுதான். முதலாண்டில் கற்ற கணக்கும் இதுதான். பொது வேதியியலைக் கடந்துபோக வேண்டிய சடங்காக மட்டும் நினைக்கிறவர்கள் எம்கேட்டுக்குத் தயாராகும் கோடையில் இதையெல்லாம் புதிதாகக் கற்கிறார்கள்.

தாமிரபரணி

கம்யூனிட்டி காலேஜ் யோசனை பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் அண்ணன் மகன் டெக்சஸில் படித்தபோது நடந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். பாடப்பட்டியலில் சுகாதாரத் துறையினருக்கான வேதியியல் என்று ஒரு பாடம் இருந்தது. மருத்துவம் படிக்கப்போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு உண்டா என்று வீட்டில் எல்லாரும் மகிழ்ந்து சேர்த்துவிட்டார்கள். அது செவிலியர் படிப்புக்குப் போகிறவர்களுக்கானது. பொது, கரிம, உயிர் வேதியியல் மூன்றையும் ஒரே பாடத்தில் மேலோட்டமாகத் தொட்டுக்காட்டும். அதற்குரிய மாணவர்களுக்கு அது நல்ல பாடம்தான். ஆனால் அதை முடித்தவருக்குக் கரிம வேதியியல் வகுப்பில் இடம் கிடையாது. மருத்துவக் கல்லூரியும் அதைப் பொது வேதியியலாகக் கொள்ளாது. பதிவு செய்த நாளில் ஆலோசகர் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. அவன் அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே எந்தக் கல்லூரியானாலும், தலைப்பைப் பார்க்காதீர்கள். இதை முடித்தவர் நேரே அடுத்த நிலை வேதியியலில் சேர முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முடியும் என்றால் அது உங்கள் வரிசையைச் சேர்ந்த பாடம். முடியாது என்றால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுங்கள். ஆயத்த வேதியியல், அறிமுக வேதியியல் என்ற பெயரில் வருபவையும் இப்படியே. பள்ளியில் வேதியியலே படிக்காதவர்களுக்கு அவை தேவைதான், ஏபி எழுதியவருக்கு ஒரு குவார்ட்டர் வீண்.

வைகைக்கரை

தாமிரபரணி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் அதன் பதிவேட்டை ஆம்காஸுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அந்த கிரேடும் கணக்கில் சேரும். வசதியில்லாத பிள்ளைகள் அங்கே இரண்டாண்டு படித்து, பின் பல்கலைக்கழகத்துக்கு மாறி, மருத்துவராவது இந்த நாட்டில் இயல்பான பாதை. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒருவர், கடினம் என்று நினைக்கும் அறிவியல் பாடத்தை மட்டும் வெளியே போய் முடித்துவிட்டு வந்தால் சில சேர்க்கைக் குழுக்கள் புருவத்தை உயர்த்தும். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எது எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையத்தளத்தில் பார்க்கலாம். பார்த்தாலும் இந்தச் சூழலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதியியலைக் கோடையில் விரைவாகச் சுருக்கிப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பொன்னி

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. ஆய்வகத்தான் தம்பி சொன்னபடி பழைய வினாக்களைக் கொடுத்துப் பார்த்தோம். அமிலமும் காரமும் சரிசமமாகும் சமானப் புள்ளியில் பிஎச் 7 என்றுதான் எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, ஆசிரியர் நடுநிலையாக்கல் என்று சொன்ன நினைவு என்றாள். பிறகு தானே உட்கார்ந்து அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். கோபமும் வந்துவிட்டது அவளுக்கு. கம்யூனிட்டி காலேஜ் பேச்சை விட்டுவிட்டோம்.

துறை பற்றிக் கேட்டேன். உயிர்வேதியியல் பிடிக்குமா என்றால், பள்ளியில் உயிரியல் பாடத்தில் நொதிகளைப் பற்றிப் படித்தது பிடித்தது என்கிறாள். மூன்று குவார்ட்டர் கரிம வேதியியல் என்றதும் முகம் மாறுகிறது. இப்போதைக்கு 14ஏ என்று வைத்துக்கொண்டு, மனம் மாறினால் பின்னர் 20 வரிசைக்குப் போகலாமா? அதோடு, முதல் குவார்ட்டரில் 14ஏ-யுடன் வேறு என்ன எடுப்பது? எல்எஸ் 7ஏ என்ற உயிரியல் பாடத்தையும் கணிதத்தையும் சேர்த்து மூன்றும் அறிவியலாகவே எடுக்கலாமா என்று கேட்கிறாள்.

ஆய்வகத்தான்

முகம் மாறுவது நல்ல தகவல் அக்கா. உயிர்வேதியியல் என்ற பட்டத்தின் பெயரில் ஈர்க்கப்பட்டு அதில் சேர்ந்து, அதன் பெரும்பகுதி வேதியியல்தான் என்பதை இரண்டாம் ஆண்டில் கண்டுபிடிக்கும் மாணவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நொதிகள் பிடிக்கும் என்றால் அதற்கு 153ஏ என்ற உயிர்வேதியியல் பாடம் இருக்கிறது. 14டி முடித்தவர்களும் அதை எடுக்கலாம், மருத்துவக் கல்லூரிகள் கேட்பதும் அதையே. நொதிகளைப் படிக்க அத்துறையின் பட்டமே வேண்டும் என்பதில்லை.

மாற்றம் பற்றி: முதல் இரண்டு பாடங்களின் பொருள் நெருக்கமாக இருப்பதால் தொடக்கத்தில் மாறுவது ஒருவாறு இயலும். கரிம வேதியியல் தொடங்கிய பிறகு மாறுவது தலைவலி. 14சி-யில் நடத்திய நிறமாலையியல் 30 வரிசையில் வேறோர் இடத்தில், வேறோர் ஆழத்தில் வரும். ஆகவே 14பி முடியும் வரைதான் அவளுக்கு அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறுவதென்றால் வேதியியல் துறை ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூத்த மாணவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் விதிகள் பெரும்பாலும் அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதிகள்.

அட்லாண்டிக் அப்பா

மூன்றும் அறிவியலா? என் மகனுக்கு அதைத்தான் வேண்டாம் என்றேன். முதல் செமஸ்டரில் கரிம வேதியியலுக்குத் தாவியவன், உடன் ஒரு வரலாற்றுப் பாடமும் எழுத்துப் பயிற்சியும்தான் எடுத்தான். தாவியதில் அவன் தப்பித்தது அதனால்தான் என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. விடுதி, புது ஊர், துணி துவைப்பது, யாரோடு சாப்பிடுவது என்று எல்லாமே புதிதாக இருக்கும் குவார்ட்டர் அது.

வைகைக்கரை

14ஏ-யும் எல்எஸ் 7ஏ-யும் சேர்த்து எடுப்பது அங்கே வழக்கமானதுதான். 7ஏ-யில் மூலக்கூறுகளும் செல்லும் வருவதால் ஒன்றுக்கொன்று துணை செய்யும். மூன்றாவதாகப் பொதுக்கல்விப் பாடம் ஒன்றை எடுக்கட்டும். கணிதம் குளிர்காலக் குவார்ட்டருக்குப் போகலாம். 20 வரிசைக்கு மாறும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் மட்டும், கணிதத்தை 31ஏ-வாக எடுப்பதா, உயிரியல் மாணவர்களுக்கான கணித வரிசையை எடுப்பதா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். வேதியியலைவிட முன்னதாகக் கதவு மூடுவது அங்கேதான்.

தாமிரபரணி

ஆய்வகம் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அது விரிவுரைக்குள்ளேயே வருகிறதா, தனியாகப் பதிய வேண்டுமா?

ஆய்வகத்தான்

யூசிஎல்ஏவில் தனி. 14பிஎல், 14சிஎல் என்று தனி எண், தனி கிரேடு. மருத்துவக் கல்லூரி கேட்பது ஆய்வகத்தோடு கூடிய வேதியியல் என்பதால் இவற்றை விட்டுவிட்டால் விரிவுரை மட்டும் கணக்கில் நிற்காது. அலகு குறைவாகக் காட்டினாலும் வேலை குறைவல்ல. அறிக்கை எழுதுவதற்கே ஒரு மாலை போய்விடும். ஒரு பிரிவுக்கு இருக்கைகள் சிலவே என்பதால் பதிவு திறந்ததும் நிரம்பிவிடும். அவளுடைய பதிவு நேரம் வந்தவுடன் விரிவுரைக்கு முன் ஆய்வகப் பிரிவைப் பிடிக்கச் சொல்லுங்கள். உயிரியல் ஆய்வகமான 23எல்-ஐயும் இதையும் ஒரே குவார்ட்டரில் போட வேண்டாம். முதல் குவார்ட்டரில் 14ஏ-க்கு ஆய்வகம் கிடையாது என்பதால் இந்தக் கவலை குளிர்காலப் பதிவு வரும்போது பட்டால் போதும்.